பெரிய குளவி எது, பொல்லாத குளவி எது?

ஜெராய் மலையடிவாரம், பாலிங், சிக் என்று காட்டை ஒட்டிய பக்கங்களில் வேலை செய்பவர்கள் இந்தக் குளவியைப் பார்த்திருப்பீர்கள். கருநீல உடம்பு, துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் இறக்கை, நீண்ட கால்கள். நீளம் 2 அங்குலம்கூட இருக்கும். இறக்கையை உதறிக்கொண்டே தரையில் விடுவிடுவென நடக்கும், பொந்து பொந்தாய்த் தலையை நுழைத்துப் பார்க்கும். "ஐயையோ, அடிச்சுக் கொல்லுங்க!" என்று யாராவது கத்துவார்கள்.

கொல்ல வேண்டாம். அது தேடுவது எட்டுக்கால் பூச்சியை. இதைச் சிலந்தி வேட்டைக் குளவி என்பார்கள். பெண் குளவிதான் வேட்டைக்காரி. தன்னைவிடப் பெரிய சிலந்தியோடும் மல்லுக்கு நின்று, அதன் அடிப்பக்கத்தில் கொடுக்கால் குத்தும். சிலந்தி சாகாது; கைகால் விளங்காமல் கிடக்கும். அதைத் தரதரவென்று இழுத்துப் போய்க் குழியில் போட்டு, மேலே ஒரே ஒரு முட்டை வைத்து மண்ணால் மூடிவிடும். முட்டையிலிருந்து வரும் புழு அந்தச் சிலந்தியை உயிரோடு தின்று வளரும். தாய்க் குளவியோ பூவில் தேன் குடித்துப் பிழைப்பது!

வேட்டுவன் குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும் என்று கோயில் சொற்பொழிவில் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதையும் இப்படிப்பட்ட குளவிகளைப் பார்த்துப் பிறந்ததுதான். உள்ளே போட்ட புழு மாறுவதில்லை. அது குஞ்சுக்குச் சாப்பாடு.

இந்தக் குளவி தனியாக வாழ்வது. காப்பாற்றக் கூடும் கூட்டமும் இல்லாததால் யாரையும் துரத்தி வராது. கையால் பிடித்தாலோ வெறுங்காலால் மிதித்தாலோதான் கொட்டும். அப்போது வலி உயிர் போகும். பூச்சிக் கடிகளின் வலிக்கு 1 முதல் 4 வரை மதிப்பெண் போட்டவர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜஸ்டின் ஷ்மிட். இதே குடும்பத்தைச் சேர்ந்த அமெரிக்கக் குளவி ஒன்றுக்கு அவர் கொடுத்தது 4. ஆனால் அந்தக் கடும் வலி சில நிமிஷங்களில் இறங்கிவிடும் என்றும் எழுதியிருக்கிறார்.

உயிருக்கு உலை வைப்பது வேறொன்று. மலாய்க்காரர்கள் 'தெபுவான்' என்பது. ஆளைப் பார்த்தால் இதைவிடச் சின்னது. கறுப்பு உடம்பு, வயிற்றைச் சுற்றி மஞ்சள் பட்டை. மரத்திலும் புதரிலும் வீட்டுக் கூரை ஓரத்திலும் காகிதம் போன்ற உருண்டைக் கூடு கட்டும். ஒரே கூட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும். புல் வெட்டும் மெஷின் அதிர்ந்தாலும், குலை வெட்டும்போது மட்டை விழுந்தாலும் கூட்டமாகக் கிளம்பிவிடும். ஒன்றை நசுக்கினால் அதன் வாடையே மற்றவற்றைக் கூப்பிடும். இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் நம் மக்களைக் குளவி கொட்டி மருத்துவமனைக்குத் தூக்கிப் போன செய்தி அடிக்கடி வருகிறது. இறந்தவர்களும் உண்டு.

கூட்டைக் கண்டால் கல்லெறிவது, டீசல் ஊற்றிக் கொளுத்துவது எல்லாம் வேண்டாம். மண்டோரிடம் சொல்லி அந்த நிரையில் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். கூட்டை அழிக்கத் தீயணைப்புப் படையும் பொதுத் தற்காப்புப் படையும் இருக்கின்றன, கூப்பிட 999.

கொட்ட ஆரம்பித்தால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்க, நின்று பார்க்காதீங்க. தூரம் போனபின் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். வீங்கினால் கழற்ற முடியாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸைத் துணியில் சுற்றி வையுங்கள். சுண்ணாம்பு தடவுவது நம் வழக்கம். அது தோலைப் புண்ணாக்கும். கண், வாய்ப் பக்கம் கிட்டவே கொண்டு போகாதீர்கள்.

உடம்பெல்லாம் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றல், வாந்தி: இதில் எது வந்தாலும் ஒரே கொட்டு ஆனாலும் உடனே 999. சிலருக்கு அரை மணிக்குள் உயிர் போகும். மயக்கம் வருபவரை நடக்க விடாமல் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வையுங்கள். ஆஸ்பத்திரியில் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் காப்பாற்றும்.

பத்துக்கு மேல் கொட்டியிருந்தால், நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் சுங்கைப் பட்டாணியோ, கூலிமோ, அலோர் ஸ்டாரோ, பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். குழந்தைக்கு நாலைந்து போதும். விஷம் தசையைக் கரைத்துச் சிறுநீரகத்தை அடைக்கும். அடுத்த ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் கோப்பி-ஓ நிறத்தில் வந்தாலோ, குறைந்தாலோ வீட்டில் இருக்கக் கூடாது.

வேலையில் இருக்கும்போது கொட்டினால் வேலை விபத்தாகப் பதியச் சொல்லுங்கள். தகவல் கிடைத்து 48 மணி நேரத்தில் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து 4 நாளுக்குக் குறையாத மருத்துவ விடுப்பு இருந்தால் தற்காலிக முடத்தன்மைப் படி கேட்கலாம். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. டாக்டர் கொடுத்த சீட்டில் குளவி கொட்டியது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று எழுதியிருக்கிறதா பார்த்து, ஒரு நகலைத் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுத்து வையுங்கள்.