ரப்பரிலும் ஃபோமிலும் வெல்வெட் தூள் நிற்க எந்தப் பசை?

கரிசல் சீமையில் பசை என்றதும் நமக்கு நினைவு வருவது தீப்பெட்டிதான். குச்சி மருந்தில் வஜ்ஜிரம், பெட்டித் தாளுக்கு மைதாப் பசை. இரண்டும் காய்ந்தால் விறைத்துவிடும். பெட்டி வளையாத பொருள் என்பதால் அங்கே அது குணம். வளைகிற ரப்பரிலும் அமுங்குகிற ஃபோமிலும் அதுவே குற்றம்.

வெல்வெட் ஸ்டிக்கர் பொட்டு, நகைப்பெட்டியின் உட்புறம், பனியனில் புடைத்து நிற்கும் எழுத்து, கார் கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பட்டை ஆகியவற்றில் பெரும்பாலும் நெய்த வெல்வெட் இருப்பதில்லை. பசை தடவி, அதன்மேல் நைலான் அல்லது ரேயான் இழைத்தூளைப் பல்லாயிரம் வோல்ட் மின்னேற்றத்தால் நட்டு நிறுத்துகிறார்கள். இதற்கு 'ஃப்ளாக்கிங்' என்று பெயர். சல்லடையில் தூவினாலும் ஒட்டும்; ஆனால் இழை நிமிராமல் படுத்துக்கொள்ளும்.

பொம்மை, அலங்கார வேலை செய்வோர் நம் கடைகளில் பசை கேட்கும்போது, "எதன்மேல் ஒட்டப் போகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 1959-ல் வந்த ஃபெவிகால் தச்சர்களின் வஜ்ஜிரத்தை ஒதுக்கியது. அந்த வகை வெள்ளைப் பசை மரத்துக்குச் சரி. ரப்பரில் போட்டால் நாலு தடவை வளைத்ததும் விரிசல் விட்டுத் தூள் உதிரும். செருப்பு ஒட்டும் சால்வன்ட் பசை வளையும்தான். ஆனால் நொடியில் மேலே காய்ந்துவிடும். தூளோ ஈரப் பசையில்தான் வேர் பிடிக்கும். தெர்மோகோலில் அதைத் தடவினால் தெர்மோகோலே கரைந்து குழி விழும். பிறகு வாடிக்கையாளர் சண்டைக்கு வருவது பசைக் கம்பெனிக்கு அல்ல, நம் கடைக்கு.

வேண்டியது, காய்ந்த பிறகும் தோல் போல் வளையும் அக்ரிலிக் பசை. தண்ணீர் சேர்ந்தது, ஃபோமைக் கரைக்காது. கார் ரப்பர் போலத் தேய்மானம் அதிகமுள்ள இடத்துக்குத் தொழிற்சாலைகளில் பாலியூரிதேன் பசை போடுகிறார்கள். 'எல்லாவற்றிலும் ஒட்டும்' என்று டப்பாவில் அச்சடித்திருப்பதை நாங்கள் நம்புவதில்லை. புதுச் சரக்கு வந்தால் ரப்பர் துண்டு ஒன்றில் மெல்லத் தடவி, ஒரு நாள் காயவிட்டு, இரண்டாக மடித்துப் பார்ப்போம். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் அந்தச் சரக்கு வேண்டாம்.

ரப்பரின்மேல் அச்சு எண்ணெயோ பவுடரோ இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்த பிறகே தடவச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. தீப்பெட்டிக்கு வரமான வறண்ட காற்று இந்த வேலைக்குப் பகை. காற்றில் பாதிக்கு மேல் ஈரப்பதம் இருந்தால்தான் தூள் மின்னேற்றத்தை ஒழுங்காக ஏற்கும். இல்லாவிட்டால் கட்டி கட்டியாக விழும். கத்திரி வெயிலில் தண்ணீர்ப் பசையும் தூள் தூவுவதற்குள் ஆடை கட்டிவிடும். காலையில், தரையில் தண்ணீர் தெளித்து, ஒரு சாண் ஒரு சாணாகத் தடவிச் செய்வது நல்லது. பிறகு ஒரு நாள் முழுக்கத் தொடக்கூடாது.

தூளைப் பொட்டலம் பிரித்து நிறுத்துத் தருகிற கடைக்காரர்கள் மூக்கை மூடிக்கொள்வது அவசியம். 1990-களில் கனடாவிலும் அமெரிக்காவின் ரோட் ஐலண்டிலும் நைலான் தூள் ஆலைத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வந்து, அதற்கு அந்தத் தொழிலின் பெயரே வைத்தார்கள். சிறு சிப்பமாகக் கட்டி வருவதையே கொள்முதல் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

சால்வன்ட் பசை டின்களைத் தீப்பெட்டிப் பண்டல் பக்கம் வைக்கவே கூடாது. அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். தேயிலை, மைதா அடுக்கும் தட்டிலும் வேண்டாம். மூடி சற்று நெகிழ்ந்தால் போதும், வாடை தேயிலையில் ஏறிவிடும். தண்ணீர்ப் பசையை வெயில் படாத கீழ்த்தட்டில் வைத்து, முதலில் வந்த டப்பாவை முதலில் விற்றுவிடுங்கள்.