சீரியல்தான் குடும்பத்தைக் கெடுக்கிறதா?

கல்யாணப் பந்தியிலும் சரி, ரயில் பயணத்திலும் சரி, ஒரே புலம்பல்தான். "சீரியல் பார்த்துப் பார்த்துத்தான் பொம்பளைங்க கெட்டுப் போறாங்க, டைவர்ஸ் பெருகுது." ஆதாரம் கேட்டால் பக்கத்து வீட்டுக் கதை ஒன்று வரும், அவ்வளவுதான். இதைக் கேட்டுத் தலையாட்ட எனக்கு இனிப் பொறுமை இல்லை.

மக்கள்தொகை ஆய்வு என் துறை. அதிலிருந்தே பேசுகிறேன். தமிழ்நாடு, பீகார், கோவா, ஹரியானா, டெல்லி ஆகிய இடங்களில் 2001 முதல் 2003 வரை அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய்த் திரட்டிய பதில்களை ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். இடையில் சில ஊர்களுக்குப் புதிதாகக் கேபிளும் அதன் வழியே சீரியல்களும் வந்தன, சில ஊர்களுக்கு வரவில்லை. அதனால் ஒப்பிட்டுப் பார்க்க வழி கிடைத்தது. கணவரிடம் சொல்லாமல் வெளியே போனால் அவர் அடிப்பது நியாயமா? சமையல் சரியில்லை என்றால்? கேபிள் வந்த ஊர்களில் 'ஆமாம்' என்ற பெண்கள் குறைந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்றவர்களும் குறைந்தார்கள். வீட்டு முடிவுகளில் பெண்ணின் பேச்சு எடுபட்டது. 2009-இல் வெளிவந்த ஆய்வு இது. இதற்குப் பெயரா கெட்டுப்போவது?

பிரேசிலில் குளோபோ தொலைக்காட்சியின் தொடர்கள் எட்டிய ஊர்களில் மணமுறிவு சற்றுக் கூடியதாக ஓர் ஆய்வு சொல்கிறது. இருக்கட்டும். அடி வாங்கிக்கொண்டு இருந்த பெண் வெளியே வர வழியுண்டு என்று தெரிந்துகொண்டால் அதற்காக நான் வருத்தப்பட மாட்டேன். நம் நாட்டுக் கணக்கையும் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் மணமுறிவு பெற்றவர்கள் சுமார் 13.6 லட்சம். கோர்ட்டுக்குப் போகாமலே பிரிந்து வாழ்பவர்கள் அதைவிட இரு மடங்குக்கும் மேல். இவர்கள் எல்லாரும் பிரிந்தது சீரியலைப் பார்த்தா?

டிவி மேல் போடும் மற்றப் பழிகளும் இதே கதைதான். டிவியைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் கண் கெடுமா? கெடாது. 1967-இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கலர் டிவிகளில் கதிர்வீச்சு கசிந்தபோது கிளம்பிய பயம் அது. குழந்தை தானாகவே கிட்டத்தில் போய் உட்கார்ந்தால், கண்ணில் பவர் இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். டிவி பார்த்தால் படிப்பு ஏறாது என்பதும் அப்படித்தான். அமெரிக்காவில் டிவி பரவிய ஆண்டுகளின் தேர்வு மதிப்பெண்களை அலசியவர்களுக்கு அப்படியொரு சரிவு தென்படவில்லை.

சீரியல்களில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மாமியார் முன்னால் மருமகளுக்குக் கன்னத்தில் 'பளார்' என்று ஓர் அறை. அதையே மூன்று கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டி, பின்னணி இசையோடு 'தொடரும்' போடுகிறார்கள். மறுநாள் அவளே மன்னிப்புக் கேட்கிறாள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில்கூட, மனைவியை அடிக்க ஏதாவது ஒரு காரணம் நியாயம் என்ற பெண்கள் 45 சதவீதம். சினிமாவில் சிகரெட்டைப் பற்றவைத்தாலே திரையில் எச்சரிக்கை வருகிறது. பெண் அறை வாங்கும்போது மகளிர் உதவி எண் 181 ஏன் வரக்கூடாது?

பொழுதுபோக்குச் சேனல்கள் மீதான புகார்களைக் கேட்க 2011 முதல் ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார் மன்றம் இருக்கிறது. அடுத்த முறை அப்படி ஒரு காட்சி வந்தால் ரிமோட்டைத் தூக்கி எறியாதீர்கள். சீரியலின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் குறித்து மன்றத்துக்கு எழுதுங்கள்.