மணப்பெண் ஒப்பனையில் வேதியியல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், ஊடியிருந்த கோவலனை மகிழ்விக்க மாதவி ஒப்பனை செய்துகொள்கிறாள். 10 வகைத் துவரும், 5 வகை விரையும், 32 வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் கூந்தலைக் கழுவி, நறும்புகையில் உலர்த்துகிறாள். எதை, எதன் பின் செய்வது என்ற திட்டம் அன்றே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதன்முதலாக மிதித்தவள் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அக்கா, மணப்பெண் அலங்காரம் செய்து ஈட்டும் பொருளில்தான் நான் படிக்கிறேன். விடுமுறை நாட்களில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருடன் செல்வேன். அங்கே கண்டதையும் வகுப்பில் கற்றதையும் இணைத்து எழுத முற்படுகிறேன்.

கேட்டறிதல்

திருமணத்திற்குப் பத்து நாட்கள் முன்னரே அக்கா பெண் வீட்டிற்குச் சென்றுவிடுவார். முகூர்த்த நேரம், புடவையின் நிறம், நகைகள், முடியின் நீளம், தோலில் அரிப்போ தடிப்போ வந்ததுண்டா என்பவற்றை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். பெண்ணைப் பகல் வெளிச்சத்தில் உட்கார வைத்துப் பார்ப்பார். கடைசியில்தான், “நீ எப்படி இருக்கணும்னு நினைக்கிறே?” என்று கேட்பார்.

கடந்த தை மாதம் நாங்கள் சென்ற வீட்டில் மணப்பெண் ஒரு பள்ளி ஆசிரியை. மாநிறம். இளநரை சில இழைகள் வகிட்டோரம் தெரிந்தன. “முடிக்குச் சாயம் போட்டு, முகத்தையும் நல்லா வெளுப்பாக்கி விடும்மா” என்றார் அவருடைய அத்தை. பெண்ணோ மெல்லிய குரலில், “கண்ணாடியில பார்த்தா அது நான்னு எனக்குத் தெரியணும்க்கா” என்றார்.

சாயமும் சோதனையும்

கருஞ்சாயங்கள் பலவற்றில் பாரா-ஃபினைலீன் டைஅமீன் என்னும் பொருள் உள்ளது. அதன் சிறு மூலக்கூறுகள் முடிக்குள் நுழைகின்றன. உடன் கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றை ஆக்சிஜனேற்றம் செய்ய, அவை ஒன்றோடொன்று இணைந்து நிறமுள்ள பெரிய மூலக்கூறுகளாகி, வெளியேற முடியாமல் தங்கிவிடுகின்றன. ஆனால் இதே பொருள் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். முகம் வீங்கும், கண் திறக்க இயலாது போகும். அது உடனே தெரியாமல் ஓரிரு நாள் கழித்தும் தோன்றலாம். ஆகவேதான் காதின் பின்புறம் சிறிது தடவி, 48 மணி நேரம் பார்க்க வேண்டும்.

அக்கா அவ்வாறே தடவினார். இரண்டாம் நாள் மாலை அவ்விடம் சிவந்து அரித்தது. “ஒரு நாள்தானே, பொறுத்துக்கட்டுமே” என்று வீட்டார் வற்புறுத்தினர். அக்கா உறுதியாக மறுத்துவிட்டார். அந்த வேலை கைநழுவிப் போயிருந்தால் என் தேர்வுக் கட்டணமும் அதனோடு போயிருக்கும். அது தெரிந்திருந்தும் மறுத்தார்.

கூந்தல்

முகூர்த்தம் காலை 6 மணிக்கு, நாங்கள் 2.30 மணிக்கே தொடங்கினோம். தலை வழியாகக் கழற்றும்படி ஆகாதிருக்க ரவிக்கையை முதலிலேயே அணிவித்தோம்.

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. சூடான கருவியால் சுருட்டும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து, ஆறும்போது புது வடிவில் மீண்டும் அமைகின்றன. எனவே நன்றாக ஆறிய பின்னரே பூச்சூட்ட வேண்டும். ஈரப் பூவும் மண்டபத்து வியர்வையும் அப்பிணைப்புகளைக் குலைக்க வல்லவை.

சவுரி வைத்துப் பின்னி, ராக்கொடியும் சடைநாகமும் குஞ்சலமும் பூட்டினார் அக்கா. வகிட்டின் மீது நெற்றிச்சுட்டியும், இருபுறமும் சூரியப்பிறை, சந்திரப்பிறையும் அமர்ந்தன. நரை இருந்த இடம் எது? எனக்கே தெரியவில்லை! நம் முன்னோர் நகை சாயத்தின் வேலையைச் செய்து முடித்தது.

முகம்

பூச்சின் நிறத்தைத் தாடையோரம் தடவி, கழுத்தோடு இணைகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூச்சுகளில் உள்ள துத்தநாக ஆக்சைடும் டைட்டேனியம் டைஆக்சைடும் மிகுந்தால், கேமராவின் ஒளியை எதிரொளித்து முகத்தைச் சாம்பல் பூத்ததுபோலக் காட்டிவிடும். வெளுப்பாக்க முயன்று வெளிறச் செய்வதில் என்ன பயன்? அதனினும் கொடிது, சில வெளுப்புக் களிம்புகளில் கலக்கப்படும் பாதரசம். அது தோல் வழியே உட்சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அக்கா அப்பெண்ணின் மாநிறத்திற்கே பூச்சைக் கலந்தார். கண்ணாடியைக் கையில் கொடுத்தபோது அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “நான்தான்” என்று சிரித்தார். அத்தையும் அதன் பின் ஒன்றும் சொல்லவில்லை.

முடிவுரை

கெரட்டின் என்ற சொல் என் அக்காவிற்குத் தெரியாது. ஆயினும் முடி எப்போது ஆறும், தோல் எதைத் தாங்காது என்பதை அவர் விரல்கள் அறியும். காரணத்தை நான் வீட்டில் விளக்கும்போது, “அப்படியா சங்கதி?” என்று வியந்து கேட்பார், நோட்டிலும் எழுதிக்கொள்வார்.

தோழியரே, தோழர்களே! கல்லூரி விழாவிற்கென்று அவசரமாகச் சாயம் பூச எண்ணினால், இரண்டு நாள் முன்னதாகக் காதின் பின்புறம் தடவிப் பாருங்கள். சிவந்தால் விட்டுவிடுங்கள்.