பூட்டைப் பழகுவோம்: கடைக்காரருக்கு ஒரு கைப்பாடம்

சரக்கு எடுக்கும்போது துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கிறோம். மிளகாயை உடைத்து மோந்து பார்க்கிறோம். அந்தச் சரக்கையெல்லாம் இரவில் காக்கும் பூட்டை மட்டும் கனத்தையும் பளபளப்பையும் பார்த்து வாங்கிவிடுகிறோம். பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்த வணிகர் நம்மில் எத்தனை பேர்?

நானும் பார்த்ததில்லை. ஒரு நாள் காலை கிடங்குச் சாவி தொலைந்துபோயிற்று. வாசலில் வெல்ல மூட்டையோடு வண்டி நிற்கிறது. சாவி போடும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தோம். பூட்டை அறுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ பையிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்து, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, நான் வரவழைத்த டீ ஆறுவதற்குள் திறந்துவிட்டார். வண்டி இறங்கியது, ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் இறங்கவில்லை. "ஐயா, எல்லாப் பூட்டும் இப்படித்தானா?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "ஒரு பூட்டு வாங்கி உட்கார்ந்து பாருங்க முதலாளி, உங்களுக்கே தெரியும்."

உட்கார்ந்து பார்த்ததில் கற்றவற்றையே இங்கே எழுதுகிறேன். இதை விளையாட்டாகவே பழகுகிறவர்கள் உலகில் பலர் உண்டு. ஜெர்மனியில் 1997-லேயே இதற்கென்று சங்கம் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட கட்டுப்பாடு இரண்டு. தனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடக்கூடாது. சொந்தப் பூட்டே ஆனாலும் கதவில் பூட்டிப் பயன்படுத்தும் பூட்டில் பழகக்கூடாது. முதலாவது நேர்மை. இரண்டாவது அனுபவம்: உள்ளே ஒரு ஸ்பிரிங் வளைந்துவிட்டால் மறுநாள் காலை நம் சாவியே நமக்கு உதவாது.

இன்று கடைகளில் விற்கும் சிறிய பித்தளைப் பூட்டுகளில் பெரும்பாலானவை பின் பூட்டுகள். சாவி நுழையும் உருளையின் மேல் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் கீழே ஒரு பின், மேலே ஒரு பின், அதற்கும் மேலே ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல்பின்கள் உருளைக்குள் இறங்கி அதைச் சுழலவிடாமல் தடுக்கின்றன. சரியான சாவியின் பல் ஒவ்வொரு பின்னையும் சரியான உயரத்துக்குத் தூக்கும்போது, இரண்டு பின்களும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு ஒன்றாகிறது. உருளை சுழல்கிறது. பூட்டின் இரகசியம் அவ்வளவுதான்.

அப்படியானால் கம்பி எப்படி வெல்கிறது? எந்தப் பட்டறையிலும் துளைகளை மயிரிழை பிசகாமல் ஒரே கோட்டில் போட முடிவதில்லை. உருளையை இலேசாக முறுக்கிப் பிடித்தால் எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகுவதில்லை. ஒன்றுதான் முதலில் இறுகும். அதைத் தேடித் தூக்கினால் அது தன் இடத்தில் அமரும், உருளை ஒரு துளி நகரும், அடுத்த பின் இறுகும். பாவில் ஆயிரம் இழை இருந்தாலும் இறுகி நிற்கும் ஒன்றை நம் ஊர் நெசவாளியின் விரல் கண்டுபிடிக்கிறதே, அதே வித்தைதான். கண்ணுக்கு இதில் வேலையில்லை.

கருவிக்கு வருவோம். முப்பது கம்பிகள் அடுக்கிய தோல்பையைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். பாதிக்கு மேல் கைபடாமலே கிடக்கும். நுனி சிறிது மேல்நோக்கி வளைந்த கொக்கிக் கம்பி ஒன்று, அலைபோல் நெளிந்த கம்பி ஒன்று, முறுக்குக் கம்பி தடித்ததும் மெல்லியதுமாக இரண்டு. இது போதும். கொக்கிக் கம்பி அரை மில்லிமீட்டரை ஒட்டிய கனமுள்ள நல்ல எஃகாக இருக்கவேண்டும். வளைத்துவிட்டால் தானே நிமிர வேண்டும். வளைந்தபடியே நின்றால் அது தகரம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் மெல்லிய உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். முறுக்குக் கம்பிக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். கழித்துப் போட்ட கார் வைப்பரின் ரப்பருக்குள் ஓடும் எஃகுப் பட்டையை மடக்கினாலே போதும். ஆனால் புதிதாகப் பழகுகிறவர் கெடுப்பது இந்தக் கையில்தான். கொக்கிக் கம்பியைப் பற்றியே யோசித்து முறுக்கை மறந்து அழுத்திவிடுவார். எல்லாப் பின்களும் கல்லாக நின்றுவிடும். மூடிய கண்ணின் இமைமேல் விரல் வைத்தால் எவ்வளவு அழுத்துவோமோ அவ்வளவு போதும்.

பழகும் பூட்டு எது? உள்ளே தெரியும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பூட்டு கிடைக்கிறது. பின்கள் ஏறி இறங்குவதைப் பார்க்க ஒரு மாலைப்பொழுதுக்கு நல்லது. அதற்குமேல் வேண்டாம். அதன் துளைகள் தொளதொளவென்று இருப்பதால், தனக்கு வித்தை வந்துவிட்டதாக ஏமாற்றிவிடும். மூன்று பின் உள்ள சாதாரணப் பித்தளைப் பூட்டிலிருந்து தொடங்கி, பிறகு ஐந்து பின் உள்ள கதவுப் பூட்டு உருளையை ஹார்டுவேர் கடையில் தனியாக வாங்கி வைஸில் பிடித்துப் பழகலாம். சில நல்ல பூட்டுகளில் மேல்பின் உடுக்கைபோல் இடை சிறுத்திருக்கும். அதில் உருளை திறந்ததுபோல் சற்றுத் திரும்பி, அப்படியே நின்றுவிடும். அந்த உடுக்கையிடம் நான் பல வாரம் தோற்றேன்.

திண்டுக்கல் பூட்டில் தொடங்காதீர்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டு லீவர் வகை. உள்ளே தகடுகள் அடுக்காக இருக்கும். ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குச் சாவி தூக்கினால்தான் நாக்கு நகர வழிவிடும். கூடினாலும் குறைந்தாலும் விடாது. மேலே சொன்ன கம்பிகளுக்கு அங்கே வேலையே இல்லை. கைவேலையில் செய்யும் மாங்காய்ப் பூட்டை வாங்க வேண்டியது பழகுவதற்கல்ல, கடைக்கு.

எந்தப் பூட்டும் திறக்காதது அல்ல என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. லண்டனில் பிராமா கம்பெனி தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்திருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் யாராலும் முடியவில்லை. 1851 பொருட்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் திறந்துவிட்டார். ஆனால் அவருக்கு 16 நாட்களில் பரவிய 51 மணி நேரம் பிடித்தது. பேர்பெற்ற சப் பூட்டை அதே ஆண்டு அவர் அரைமணிக்குள் திறந்தார். இரண்டும் தோற்றவைதாம். ஆனால் உங்கள் கிடங்குக்கு எதை வாங்குவீர்கள்?

பூட்டு விற்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று பின், ஒவ்வொன்றுக்கும் நான்கு உயரம் என்றால் மொத்தம் 64 சாவிகள்தான் உண்டு. ஐந்து பின், ஆறு உயரம் என்றால் 7,776. மலிவான பூட்டு ஒரு டஜன் வந்ததும் ஒன்றின் சாவியை மற்றவற்றில் போட்டுப் பாருங்கள். ஒன்றுக்கொன்று திறந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் நம்மிடமே வாங்கி, ஒருவர் சாவி மற்றவர் பூட்டைத் திறந்தால் நம் பெயர் என்ன ஆகும்? சாவியில் எண் பொறித்திருந்தால் அந்தச் சாவியைக் கல்லாவின் மேல் எல்லோரும் பார்க்க மாட்டிவைக்காதீர்கள். பூட்டு இறுகினால் கடலெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஊற்றும் வழக்கத்தையும் விடுங்கள். மாவும் தூசியும் ஒட்டிப் பிசினாகிவிடும். பென்சில் கரித்தூள் போதும்.

பழகப் பழக எனக்குப் பூட்டின்மேல் இருந்த பயம் குறைந்து, கதவின்மேல் பயம் வந்தது. இரவில் வருகிறவன் கொக்கிக் கம்பியோடு பொறுமையாக உட்காருவது அபூர்வம். கடப்பாரையைக் கொண்டியில் கொடுத்து ஒரு நெம்பு நெம்புவான். விலை உயர்ந்த பூட்டு அப்படியே பூட்டியபடி கீழே கிடக்கும். என் கிடங்குக் கதவைக் கழற்றிப் பார்த்தேன். கொண்டியைப் பிடித்திருந்தது நான்கு மர ஸ்க்ரூ. அதில் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. பூட்டை மாற்றுமுன் கொண்டியைத்தான் மாற்றினேன். கனமான இரும்புப் பட்டை, கதவைத் துளைத்து உள்பக்கம் நட்டு போட்ட போல்ட், பூட்டின் வளையம் நுழைய மட்டும் இடம் விட்டு மேலே ஒரு மூடி. வெல்டிங் கடையில் அரை நாள் வேலை.