பேர்போன துரைமார்கள்

தமிழில் 'பேர்போனவர்' என்று ஒரு சொல் உண்டு. ஒருவர் கொடைக்கும் பேர்போகலாம்; கொடுமைக்கும் பேர்போகலாம். எதற்கு என்று சொல்லாவிட்டால் பாதிச் செய்திதான் கிடைக்கும். பிரிட்டிஷ் வரலாற்றில் பெயர் பெற்றவர்களைப் படிக்கும்போதும் இதை நாம் மறக்கலாகாது. சிலாங்கூரில் நம்மவர் வாழ்வோடு தொடர்புடைய மூவரை இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் ஹென்றி ரிட்லி. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்றவர். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை ஆராய்ந்து வகுத்தார். காப்பி பயிரிட்ட துரைமார்களிடம் ரப்பர் விதையைக் கொடுத்து நடச்சொல்லி வற்புறுத்தியதால் 'பைத்தியக்கார ரிட்லி' என்று கேலிக்கு ஆளானார். காப்பி விலை சரிந்து ரப்பர் விலை ஏறியபோது கேலி பாராட்டாக மாறியது. காடுகள் பால்மரத் தோட்டங்களாயின. அவற்றில் உழைக்கத் தமிழர்கள் கப்பலேறி வந்தனர். ரிட்லி நூறு வயதைக் கடந்து 1956-இல் மறைந்தார்.

இரண்டாமவர் பிராங்க் சுவெட்டன்ஹாம். 1882-இல் சிலாங்கூரின் ரெசிடெண்ட் ஆனார். அவர் காலத்தில், 1886-இல், கோலாலம்பூரையும் கிள்ளான் பகுதியையும் இணைத்து இரயில் ஓடியது. 1901-இல் திறக்கப்பட்ட துறைமுகம் அவர் பெயரையே தாங்கியது. நம் முன்னோர் பலர் கரையிறங்கிய அவ்விடத்தை 1972 முதல் போர்ட் கிள்ளான் என்கிறோம். ஆனால் 1896-இல் உருவான ஐக்கிய மலாய் மாநிலங்களின் முதல் தலைமை ரெசிடெண்டும் இவரே. ஆலோசகர்களாக வந்தவர்கள் ஆட்சியாளர்களாக மாறியதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு.

மூன்றாமவர் ஷெண்டன் தாமஸ். 1934-இல் ஆளுநரானார். 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது தப்பியோடாமல் மக்களுடன் தங்கி, 1945 வரை ஜப்பானியரின் சிறையில் இருந்தார். சிங்கப்பூரின் ஷெண்டன் வே அவர் பெயரால் அமைந்தது.

இந்தத் துணிவுமிக்க மனிதரை நம் தோட்டப்புறம் வேறொரு முகத்தோடு சந்தித்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றைக் கேட்டனர். இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும்.

மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போராட்டம் பரவியது. சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அப்போது ஆளுநர் ஷெண்டன் தாமஸ்தான்.

தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் வரலாற்றை மலாய் மொழியில் படித்தவன் நான். தேர்வுக்காக ரிட்லியையும் சுவெட்டன்ஹாமையும் மனனம் செய்தேன். நாதனைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகே அறிந்தேன். விடுமுறையில் கோல சிலாங்கூருக்குத் திரும்பியதும் பாட்டியிடம் இதைச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. "தொரை எதுர்ல வந்தா சைக்கிள விட்டு எறங்கி நிக்கணும்னு எங்கப்பா சொல்லுவாருய்யா. நீ இப்பதான் படிக்கிறியா?" என்றார். நூலகத்தில் நான் தேடியது எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

ஆகவே, வரலாற்று மாந்தர் எவரைப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். இவர் எதற்குப் பேர்போனவர்? அந்தப் பெயரை வழங்கியவர் யார்? அதே நாளில் அவருக்குக் கீழே வாழ்ந்தவர்கள் என்ன சொன்னார்கள்? ஷெண்டன் தாமஸின் சிறைவாசமும் உண்மை. 1941-இல் சிந்திய இரத்தமும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது ஒரு கண்ணுக்கு வெண்ணெயும் மறு கண்ணுக்குச் சுண்ணாம்பும் தடவுவதாகும்.

முதல் இரண்டு கேள்விகளுக்கு நூல்களில் விடை கிடைக்கும். மூன்றாவதற்கான விடை பெரும்பாலும் நம் வீட்டு முதியவர்களிடம் உள்ளது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் சிதறிவிட்டன. அவர்களுடைய வயதும் காத்திருக்காது. தோட்டத்துப் பிள்ளைகளாகிய நாம் அடுத்த விடுமுறையிலேயே அவர்கள் பக்கத்தில் அமர்ந்து கேட்போம். கேட்டதை நாளும் இடமும் குறித்து எழுதிவைப்போம்.