ஜவ்வாது மலை ஏறும் முன் என்ஜின் உதறுகிறதா?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குக் கிளம்பும் முன், நியூட்ரலில் வைத்து, ஏ.சி.யை அணைத்து, ஐடிலிங்கைக் கவனியுங்கள். சூடேறிய பெட்ரோல் என்ஜின் பெரும்பாலும் 700 முதல் 900 ஆர்.பி.எம்.மில் நிலையாக நிற்கும். முள் ஏறி இறங்கினால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். 'உஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் வந்தால் வேக்குவம் ஹோஸில் வெடிப்பு இருக்கலாம். திராட்டில் பாடியில் கரி படிந்திருந்தால், என்ஜினை நிறுத்தி, அதற்கான கிளீனரில் துணியை நனைத்துத் துடையுங்கள். உள்ளே இருக்கும் தகட்டை விரலால் நெம்பவே கூடாது.

விட்டுவிட்டு உதறினால் பிளக், காயில் மேல்தான் சந்தேகம். ஸ்கேனர் 'பி0301' காட்டினால் முதல் சிலிண்டர் எரியவில்லை. என்ஜின் ஆறியபின் அதன் காயிலை இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றுங்கள்; குறியீடு 'பி0302' ஆனால் காயில்தான் குற்றவாளி. வீணாகப் பிளக் வாங்க வேண்டாம்.

மலைக்காற்றைப் பழிக்காதீர்கள். இதே மலையில் சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூர் வானாய்வகத்தில்கூட காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 8 சதவீதம்தான் குறைவு. சென்சார் உள்ள வண்டி தானே ஈடுகட்டிக்கொள்ளும். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு மட்டும் சிறு ட்யூனிங் தேவைப்படலாம்.

செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மலையேறாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும். போளூரிலேயே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.