பல்கலைக்கழக நூலகமும் வெளிவாசகரும்

கல்லூரியை விட்டு நீங்கும் நாளில் மாணவன் இழப்பன பல. அவற்றுள் அவன் உடனே உணராதது நூலக உரிமையாகும். வகுப்பறையையும் விளையாட்டிடத்தையும் நினைந்து ஏங்கும் பழைய மாணவர், பல ஆண்டுகள் கழித்து ஓர் ஐயந் தீர்க்க அரிய நூலொன்றைத் தேடும்போதே, தமக்கென ஒரு நூலகம் இல்லை என்பதை அறிகின்றனர். அத்தகையோர் இறுதியிற் சென்று நிற்கும் இடம் பல்கலைக்கழக நூலகத்தின் வாயில். உள்ளே வந்து படிக்கலாம், நூலை வெளியே கொண்டுசெல்ல இயலாது என்பதே பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைக்கும் விடை. கற்றவர் சிலர் இதனை அவமதிப்பாகக் கொண்டு திரும்பிவிடுகின்றனர். இவ்விடை நியாயமானதா என்பதை இங்கே ஆராய்வோம்.

நமது குடாநாட்டில் 1974 வரை அரசாங்கப் பல்கலைக்கழகம் இருந்ததில்லை. ஆய்வு நாடியவர் கொழும்புக்கோ பேராதனைக்கோ புகைவண்டி ஏற வேண்டியிருந்தது. அவ்வாண்டிலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி இருந்த திருநெல்வேலி வளவில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்ற பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதலாவது தலைவரானார். 1979 இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வீட்டிலிருந்து துவிச்சக்கர வண்டியிற் சென்றடையக்கூடிய தொலைவில் ஒரு பல்கலைக்கழக நூலகம் இன்று நமக்கு உண்டு. ஆகவே அதன் வாயிலைப் பற்றிய வினா நமக்கு அயலார் வினா அன்று.

முதலில் இரண்டு உரிமைகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். நூலகத்தினுட் புகுந்து படிக்கும் உரிமை ஒன்று. நூலை இரவலாகப் பெறும் உரிமை மற்றொன்று. முன்னையது அறிவை நாடும் எவர்க்கும் பொதுவாதல் தகும். பின்னையது பிணையின் மேல் நிற்பது. மாணவன் நூலைத் திருப்பாவிடிற் பல்கலைக்கழகம் அவனைத் தேடிப் பிடிக்கலாம், ஆசிரியர்க்கும் அவ்வாறே. வெளியார்மீது அத்தகைய பிடி நூலகத்துக்கு இல்லை. அன்றியும், நமது நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களில் எல்லா நூல்களும் ஒரே நிலையில் இருப்பதில்லை. இரவல் கொடுக்கும் பகுதி ஒன்று; பலர் ஒருங்கே தேடுவதால் ஓரிரவுக்கு மாத்திரம் கொடுக்கப்படும் நூல்கள் சில; எக்காலத்தும் வெளியே செல்லாத உசாத்துணை நூல்கள் சில; இலங்கை பற்றிய அரிய நூல்களைச் சேர்த்த தனித்தொகுதி வேறு. இறுதியிற் கூறிய இரண்டையும் பேராசிரியரும் வீட்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது. வெளிவாசகர் தேடி வருவதோ பெரும்பாலும் இவற்றையே. ஆகலின், அவர் இழந்ததாக எண்ணும் உரிமையிற் பெரும்பகுதி உள்ளிருப்பார்க்கும் இல்லை என்க.

இவ்விதியின் உறுதிக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சான்று தரலாம். ஒக்ஸ்போட்டிலுள்ள போட்லியன் நூலகம் 1602 இல் திறக்கப்பட்டது. அயல்நாட்டறிஞரையும் உள்ளே அனுமதித்துப் படிக்கவிட்ட அந்நூலகம், ஒருவர்க்கும் நூலை இரவல் கொடுப்பதில்லை என்பதை விதியாகக் கொண்டது. 1645 இல், உள்நாட்டுப் போர்க்காலத்தில் அந்நகரிலே தங்கியிருந்த முதலாம் சாள்ஸ் மன்னர் ஒரு நூலைக் கேட்டனுப்பினார். நூலகர் விதியை எடுத்துக்காட்டி மறுத்தார். மன்னரும் அதனை ஏற்றுக்கொண்டார். அங்கே படிக்கப் புகுவோர் இன்றும் ஓர் உறுதிமொழி அளிக்கின்றனர். நூல்களுக்குத் தீங்கு செய்வதில்லை என்பதோடு, நூலகத்தினுள்ளே நெருப்பைக் கொண்டுவருவதில்லை என்பதும் அதில் அடங்கும். இதனை யாழ்ப்பாணத்தவர் மனக்கலக்கமின்றிக் கேட்டல் அரிது.

ஆயினும் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். இரவல் இன்றேல் நம் பழந்தமிழ் நூல்கள் அச்சேறியிரா. நம் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவகசிந்தாமணியையும் 1887 இல் பதிப்பித்தனர். ஏடு வைத்திருந்தோர் நம்பிக்கையோடு கைமாற்றிக் கொடுத்தமையாலன்றோ அப்பதிப்புகள் இயன்றன? சீர்காழியிற் பிறந்து, 1924 இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான இரங்கநாதன் அவர்கள், நூலகவியலின் ஐந்து விதிகளை 1931 இல் வெளியிட்டபோது, நூல் பூட்டிவைத்தற்கன்று, பயன்படுதற்கே என்பதையே முதலாவதாக வைத்தார். யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் வரலாறும், க. மு. செல்லப்பா அவர்கள் 1933 இல் தம் வீட்டிலிருந்தே பிறர்க்கு நூல்களை இரவல் கொடுத்ததனோடு தொடங்குகின்றது. அந்நூலகம் 1959 இற் புதுக்கட்டிடம் பெற்றபோது அதற்கு ஆலோசனை கூறியவர் அதே இரங்கநாதன் அவர்கள்.

அக்கட்டிடத்திலே சேர்ந்த ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் 1981 யூன் முதலாந் திகதியை ஒட்டிய இரவில் எரிக்கப்பட்டன. பிறிதோரிடத்திற் படியில்லாதவை அன்று உலகத்தினின்றே மறைந்தன. அவ்விரவில் எவரேனும் ஒருவர் வீட்டு மேசைமேல் இரவல் நூலொன்று இருந்திருப்பின், அதனைத் தீ அணுகியிராது. இரவலால் நூல் ஒவ்வொன்றாகக் குறையும். ஓரிடத்தே மாத்திரம் இருக்கும் நூலோ ஒரே நாளில் முற்றாக அழியும். இவ்விரண்டு உண்மைகளையும் ஒருங்கே வைத்து எண்ணுவதே அறிவுடைமை.

அவ்வாறு எண்ணுவோர் கொள்ளத்தக்க முடிபு இது: அரிய நூலின் மூலப்படி நூலகத்திலே தங்குக, அதன் நகல் எங்குஞ் செல்க, அதனைப் படிக்கும் வாயில் எவர்க்குந் திறந்திருக்க. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படிகளாக்கி உலகெங்கும் இலவசமாகப் படிக்கத் தருகின்றது. பாடசாலை மலர்கள் பலவும் அங்கே உள்ளன. மன்னனுக்கும் கிடையாத இரவலை இன்று நெடுந்தீவு மாணவனும் பெறலாம்.

இனி, வெளிவாசகர் அறியவேண்டியன சில கூறுவோம். வெறுங்கையோடு போகாமல், அடையாள அட்டையும், ஆய்வுப் பொருளைக் குறிக்கும் கடிதமும் கொண்டு செல்க. கல்லூரி அதிபரோ பேராசிரியர் ஒருவரோ எழுதிய கடிதமாயின் நன்று. வேண்டிய நூல்களின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் முன்னரே குறித்து, நூற்பட்டியலிற் பார்த்துக் கொள்க. பரீட்சைக் காலத்தில் மாணவர்க்கே இருக்கை போதாதாதலின் அந்நாட்களைத் தவிர்க்க. ஒளிப்படம் எடுக்கவோ நகல் செய்யவோ முன்னரே அனுமதி கேட்க. இரவல் இன்றியமையாததாயின், தம் ஊர் நூலகத்தின் வாயிலாக நூலகங்களுக்கிடையிலான இரவலைப் பெற வழியுண்டோ என உசாவுக.

நூலகத்தாரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வெளியார்க்கு எது உண்டு, எது இல்லை என்பதை எழுதி வாயிலில் இடுங்கள். மேசையில் இருப்பவரின் மனநிலைக்கேற்ப மாறும் அனுமதி, மறுப்பினுங் கொடியது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரு பக்கத்தைப் பார்ப்பதற்காகப் பருத்தித்துறையிலிருந்து பேருந்தேறி வருகின்றார். அவர் பொருட்டு ஒரு நாற்காலி ஒதுக்குதல் பெருஞ்செலவன்று. வரிப்பணத்தால் வாங்கிய நூல்களில் அவர்க்கும் பங்குண்டு.

இறுதியாக நம்மை நாமே நோக்குவோம். நம் வீட்டு அலுமாரிகளில் நூலக முத்திரை பொறித்த நூல்கள் சில இன்னும் இருத்தல் கூடும். இரவல் பெற்று மறந்த ஒவ்வொரு நூலும், பின்னால் வரும் வெளிவாசகர் முகத்தில் அடைக்கப்படும் ஒரு கதவு. பழைய மாணவர்காள்! இம்மலரை வாசித்து முடித்ததும் அந்த அலுமாரியைத் திறந்து பாருங்கள். பிறர்க்குரிய நூல் இருப்பின் திருப்பிக் கொடுங்கள். நும்முடைய பழைய நூலோ மலரோ இருப்பின் ஒரு நகலுக்கு உதவுங்கள். பயிலும் மாணவரும் தம் அங்கத்துவ அட்டை என்றோ ஒருநாள் காலாவதியாகும் என்பதை நினைவிற் கொள்க. இன்று உள்ளிருக்கும் ஒவ்வொருவரும் நாளை வாயிலில் நிற்கப்போகும் வெளிவாசகரே.